பூஜ்யம் எந்த மட்டத்தில்

செம்பாக்கம் ஏரியை ஒட்டி வரவிருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நிலத்தடிக் கழிவுநீர்த் தொட்டி. அதைக் கணினியில் மாதிரியாக்கிச் சுவர்களுக்குச் சுமை கொடுப்பது என் வேலை. தாம்பரத்தில் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே பஜ்ஜிக் கடை.

சுமைகளை முதலில் பட்டியலிட்டுக்கொள்வேன். மேலே நிற்கும் கார், உள்ளே கழிவுநீர், வெளியே மண். கடைசியாக, பலர் விட்டுவிடுவது: தொட்டி காலியாக இருக்கும்போது வெளியே மண்ணுக்குள் நிற்கும் தண்ணீர். அது சுவர் முழுக்க ஒரே மாதிரி அழுத்தாது. நீர்மட்டத்தில் பூஜ்யம், ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடும். பூஜ்யம் எந்த மட்டத்தில் என்று சொன்னால் மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். தரைமட்டம் என்று கொடுத்தேன். மழைக்காலத்தில் அங்கே தெருவிலேயே தண்ணீர் நிற்கும்.

சுவருக்குத் தேவைப்படும் கம்பி கூடிவிட்டது, செலவும்தான். முதலாளி பஜ்ஜியோடு வந்து என் பின்னால் நின்றார்.

“இங்க ஏதும்மா தண்ணி? நாமளே லாரியில வாங்கறோம். மண் ரிப்போர்ட்ல தண்ணி எவ்ளோ கீழ கீது பாரு.”

“அது மே மாசம் எடுத்தது சார்.”

“அப்ப மே மாசத்துக்கே டிசைன் பண்ணு.”

பக்கத்து நாற்காலிக்காரன் சிரித்தான். முதலாளி எண்ணெய் விரலை என் திரையில் வைத்து, சுவரின் அடிப்பக்கம் கோடிழுத்தார். “பூஜ்யத்த இங்க வை. ஒரு நம்பர்தானே.”

“மழையில தொட்டியக் காலி பண்ணி, கழுவ ஆள் இறங்கினா, சுவர் அவங்க மேல வரும் சார்.”

“மழையில எவன் இறங்கப் போறான்? அப்படியே எறங்கினாலும் நம்ம ஆளா?” மென்றுகொண்டே சொன்னார்.

எண்ணை மாற்றினேன். திரையில், அழுத்தம் அதிகம் என்று சிவப்பாக இருந்த சுவர் நீலமானது. பிறகு வரைபடத்தின் குறிப்புகளில் ஒரு வரி சேர்த்து அச்செடுத்து அவர் மேசையில் வைத்தேன்: மழைக்காலத்தில் இந்தத் தொட்டியைக் காலி செய்யக் கூடாது, உள்ளே யாரும் இறங்கக் கூடாது.

“இன்னாம்மா இது? கட்டற பார்ட்டி பாத்தா பயந்துடுவான்.”

“அந்த மட்டத்துக்கு இந்தக் குறிப்பு வேணும் சார். இல்லன்னா பூஜ்யத்த மேலயே வைக்கலாம்.”

தாளை என் பக்கம் தள்ளினார். “பேஜாரு. மேலயே வெச்சிரு. அந்த லைன எடுத்துரு, பார்ட்டி கண்ல பட்டுடப் போவுது.”

தரைமட்டத்துக்கே மாற்றினேன். சுவர் மறுபடி சிவந்தது, கம்பி கூடியது, இறங்குகிறவர்கள் தப்பித்தார்கள். அவர் அஞ்சியது அவர்களுக்காக அல்ல. கைக்குட்டையால் திரையைத் துடைத்தேன். எண்ணெய் போகவில்லை, சுவர் முழுக்கப் பரவியது.