துறைமுகத் தண்ணீர் குடித்த பவளம்

எழுதவே அருவருப்பாக இருக்கிறது. துறைமுகத்தை ஒட்டிய ஓர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஒரு மென்பவளம் வளர்க்கிறேன். கடல் காலடியில் கிடக்க உப்புத்தூள் வாங்கிக் கரைப்பானேன் என்று, துறைமுகப் படியில் இறங்கிக் கேனில் தண்ணீர் அள்ளி வருவேன்.

ஒரு நாள் பவளம் சுருங்கிச் சாய்ந்தது. தண்ணீர் பழசாகிவிட்டதென நினைத்துத் தினமும் மாற்றினேன். நாலாம் நாள் அதன் அடியிலிருந்து மண்ணிறச் சளி வழிந்தது. கூழ்முட்டை நாற்றம் வீசியது.

இறக்கக்கண்டியில் மீன்பிடிக்கும் மச்சான் அன்று மீன் கொண்டு வந்தபோது கேனைப் பார்த்தான்.

"இந்தத் தண்ணியையே ஊத்தினனீ?"

"ஓம்."

"இதில நாங்கள் காலும் கழுவிறேல்லை."

கேன் தண்ணீரை வெள்ளைப் பேசின் பாத்திரத்தில் ஊற்றிக் காட்டினான். மேலே எண்ணெய் பல நிறங்களில் படர்ந்தது.

அழுகிய பக்கத்தைப் பிளேடால் வெட்டி எறிந்து, மிச்சத்தை அவன் வெளிக்கடலில் அள்ளித் தந்த தண்ணீரில் விட்டேன். விரலளவுதான் பிழைத்தது.

கேன் தூக்கிய ஒவ்வொரு முறையும் நாற்றம் போகக் கைக்கு இரண்டு தரம் சவர்க்காரம் போட்டவன் நான். அதே தண்ணீரைத்தான் மருந்தென்று ஊற்றியிருக்கிறேன்.

இப்போது வெளிக்கடல் தண்ணீரையும் முதலில் பேசினில் ஊற்றிக் கையை நனைத்துப் பார்க்கிறேன். கைகழுவத் தோன்றினால் அது தொட்டிக்குள் போகாது.