இருபத்திமூன்றாம் ஆணி

தேசியப் பூங்காவின் வாசல் அறையில் ஒரு மரப்பலகை மாட்டியிருந்தது. அதில் நாற்பது ஆணிகள். ஒவ்வொன்றிலும் எண் பொறித்த பித்தளை டோக்கன். காட்டுப் பாதையில் நடக்கப் போகிறவர் ஒன்றை வாங்கிக்கொண்டு போவார், திரும்பியதும் கொடுத்துவிட வேண்டும். மாலை ஐந்தரைக்குப் பலகை நிறைந்திருந்தால் உள்ளே யாரும் இல்லை என்று பொருள்.

பலகைக்குப் பொறுப்பானவளை எல்லோரும் டோக்கன் அக்கா என்றே கூப்பிட்டார்கள். வருடத்தில் ஆறு மாதம்தான் வேலை; இது நான்காவது பருவம். மகள் தங்கை வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அடுத்த பருவத்துக்குத் திரும்பக் கூப்பிட வேண்டியவர்களின் பட்டியல் வெள்ளிக்கிழமை வரும். “உங்க பேரு இருக்கும்மா. அதுக்குள்ள எதுவும் கோளாறு வராம பார்த்துக்கோங்க” என்று ரேஞ்சர் சொல்லியிருந்தார். அன்று புதன்.

இருபத்திமூன்றாம் ஆணி காலியாக இருந்தது. அதில் புதிதாக ஒன்றுமில்லை. டோக்கனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறவர்கள் மாதம் இரண்டு பேராவது உண்டு. அதற்காகவே மேசை இழுப்பறையில் ஒரு தகரப் பெட்டி நிறைய மாற்று டோக்கன்கள் கிடந்தன. பதிவேட்டில் இருந்த எண்ணுக்கு ஃபோன் போட்டாள், எடுக்கவில்லை. வெளியே எட்டிப் பார்த்தாள். வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு வண்டிகூட இல்லை. விதிப்படி ரேஞ்சருக்குச் சொல்ல வேண்டும். மற்றவர்களைப் பார்த்துப் பழகியபடி அவள் மாற்று டோக்கனை மாட்டிவிட்டு, ‘அனைவரும் வெளியேறினர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பணியாளர் விடுதி அறையில் கேன்டீன் சமையல்காரி கீழ்க்கட்டிலில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு ஒரு பெரியவர் வந்தாரு. ரெண்டு பன் வாங்கிட்டுப் பத்துத் தடவை கேட்டுட்டாரு, கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு. நான் என்ன பஸ் கம்பெனியா நடத்துறேன்?”

சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்த டோக்கன் அக்காவின் கை நின்றது. “பஸ்லயா வந்தாரு?”

“பின்ன, பல்லக்குலயா வருவாரு?”

“நீலத் தொப்பியா?”

“ஆமா. ஏன்டி, முகம் இப்படி வெளுத்துப் போச்சு?”

இருபத்திமூன்றை வாங்கிப் போனவர் அவர்தான். காலியாகக் கிடந்த வண்டி நிறுத்துமிடம் அவர் போய்விட்டார் என்று சொல்லவே இல்லை. அவளாகத்தான் அப்படி அர்த்தம் பண்ணிக்கொண்டாள்.

பேருந்து நிறுத்தத்தின் எதிரே பூங்கா ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரிடம் ஓடினாள். “ஆறு மணி கடைசி பஸ்ல யாராவது ஏறினாங்களா?”

“ஒரு ஈ காக்கா ஏறலக்கா. கண்டக்டர் என்கிட்டதான் கதை பேசிட்டுப் போனாரு.”

மணி ஆறேகால். வெளிச்சம் ஏழு வரை தாங்கினால் அதிகம். விஷயத்தைக் கேட்டதும் டிரைவர் குரலைத் தாழ்த்தினார். “நாம ரெண்டு பேரும் ஓசைப்படாம போய்க் கூட்டிட்டு வந்துடலாம். ரேஞ்சருக்குத் தெரியவே வேணாம். வெள்ளிக்கிழமை லிஸ்ட்டு, மறந்துட்டீங்களா?”

“உள்ள இருக்கிற பாலத்துக்கு அப்பால வழி மூணாப் பிரியுது. ஜீப் போறது ஒண்ணுலதான்.”

“அந்த ஒண்ணுலயே இருந்தாருன்னா?”

அவள் வாக்கி-டாக்கியைக் கையில் எடுத்தாள். பொத்தானை உடனே அழுத்தவில்லை. இதைத் துணிச்சல் என்று எழுத எனக்குத் தயக்கம்தான். மூன்று வழி, இரண்டு ஆள், முக்கால் மணி நேரம். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் போதாது என்றே விடை வந்தது.

“சார், ஒருத்தர் உள்ள இருக்காரு. இருபத்திமூணு. நான்தான் மாத்து டோக்கனை மாட்டிட்டேன்.”

இரைச்சலுக்கு நடுவே ரேஞ்சரின் குரல் வந்தது. “எல்லாரையும் வாசலுக்கு வரச் சொல்லுங்க.”

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கண்டுபிடித்தார்கள், ஜீப் போக முடியாத மூன்றாவது வழியில். கணுக்கால் வீங்கி, கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது. தூக்கிக்கொண்டு வந்து வாசலில் உட்கார வைத்ததும் பெரியவர் முதலில் சட்டைப் பையைத் துழாவினார்.

“இதைத் திருப்பித் தரணும்னு சொன்னீங்களேம்மா.”

வாங்கிக்கொண்டு பலகைக்குப் போனாள். ஆணியில் இடமில்லை. மாற்று டோக்கனைக் கழற்றினாள். ரேஞ்சர் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். இழுப்பறையைத் திறந்து தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். அவள் பெயர் இருந்தது, கழிப்பறைச் சுத்தம் என்ற தலைப்பின் கீழ்.

“அடுத்த வருஷம் உன்னை பினாயில் அக்கான்னு கூப்பிடணுமா?” என்றாள் சமையல்காரி.

“கூப்பிடு. உன் கேன்டீன் வாடைக்கு அது எவ்வளவோ தேவலை.”

இந்தப் பருவம் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. அன்று மாலை ஐந்தரைக்கு ஏழாம் ஆணி காலி. ஃபோன் போட்டாள், எடுக்கவில்லை. வண்டி நிறுத்துமிடத்தை அவள் எட்டிப் பார்க்கவில்லை, வாக்கி-டாக்கியை எடுத்தாள்.