உங்காளுங்க ஜெயிச்சுட்டாங்க

குவைத்துக்குள் ஈராக் படை புகுந்த சேதியை எனக்கு முதலில் சொன்னவர் மாரமங்கலத்து விவசாயி ஒருவர். அதையும் நல்ல சேதியாகத்தான் சொன்னார்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்கில் எங்களுக்கு மளிகைக்கடை. என் மாமனார் சேலத்திலிருந்து மேலே ஏறி வந்து போட்டது. உப்பு, கருவாடு, மண்ணெண்ணெய், பீடி, கயிறு என்று மலைக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் இருக்கும். மாமனார் மவுத்தான பிறகு என் வீட்டுக்காரர் நடத்தினார். அப்புறம் அவரும் குவைத்துக்குப் போய்விட்டார். அங்கேயும் மளிகைக்கடையில்தான் வேலை. "இங்க கட்டற பொட்டலத்தை அங்க போயி கட்டப்போறேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் வீட்டுக்காரரைப் பெற்ற மாமி சேலத்து வீட்டில். ஆக, கடையிலும் கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறையிலும் நான் ஒருத்திதான். பனி இறங்கிவிட்டால் எதிர்க்கடைகூடத் தெரியாது. பேச்சுத்துணைக்கு ரேடியோவைப் போட்டு வைப்பேன். அன்றைக்குப் பார்த்து பேட்டரி தீர்ந்திருந்தது.

ஆடி மாசம். அந்த மாரமங்கலத்துக்காரர் பேரிக்காய்க் கூடைகளை பஸ்ஸிலிருந்து இறக்கிப் போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க பாயம்மா, சேதி தெரியுமுங்களா? உங்காளுங்க ஜெயிச்சுட்டாங்களாமா."

"ஆருங்க எங்காளுங்க?"

"பாய் இருக்கற ஊரை உங்காளுங்க படை வந்து புடிச்சிருச்சாமுங்க. டீக்கடை ரேடியோவுல சொன்னான். இனி பாய்க்கு ஒரு பயமும் இல்லீங்க, சொந்தக்காரங்க ராஜ்ஜியமாச்சே."

கையிலிருந்த உப்புப் படியைக் கீழே வைத்துவிட்டேன். அவரோ முகமெல்லாம் பல்லாக நின்றார். கூடையிலிருந்து நல்லதாக நாலு பேரிக்காய் எடுத்து மேஜைமேல் வைத்தார். அவரைக் கோபித்து என்ன செய்ய? சேர்வராயன் மலையில் அவர்கள் ஆட்கள் இருக்கிற இருப்பு அது. ஒரு மலைக்காரர் எந்த மலை ஊருக்குப் போனாலும், முன்பின் தெரியாத வீடாக இருந்தாலும், வயிறு நிறையாமல் திரும்ப மாட்டார். இன்ன ஊர், இன்னார் வகையறா என்று சொன்னால் போதும், சாமைச்சோறு வந்துவிடும். எங்கள் ஆட்களும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார் மனுஷன். பாய்மார் படை ஒரு பாயைப் பார்த்தால் உட்காரவைத்துச் சோறு போடும் என்று.

எனக்கு அந்தப் படையும் தெரியாது, அவர்கள் பேசுகிற பாஷையும் தெரியாது. சேலம் தாண்டினால் எனக்கு ஈரோடு தெரியும். அவ்வளவுதான் என் உலகம்.

என் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. போனும் கிடையாது. பேட்டரி வாங்கிப் போட்டு, காதை ரேடியோவிலேயே வைத்திருந்தேன். அமெரிக்கா கப்பல் அனுப்புகிறது என்றான், டெல்லி பேசிக்கொண்டிருக்கிறது என்றான். என் வீட்டுக்காரர் சாப்பிட்டாரா என்று மட்டும் எந்தச் செய்தியிலும் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்கள் உப்பைக் கேட்கும் முன்னால் சண்டையைப் பற்றிக் கேட்டார்கள். "உங்காளு அமெரிக்காக்காரனையே முறைக்கறானுங்களே" என்று ஒருத்தர். "உங்காளுங்களுக்குள்ளயே ஏனுங்க இப்படி அடிச்சுக்கறீங்க?" என்று ஒருத்தர். என்னமோ நான்தான் கடையைப் பூட்டிவிட்டுப் போய்ச் சுட்டுவிட்டு வந்தமாதிரி.

பஜாரில் ஒரு கட்சிக்காரர் இருந்தார். கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் செல்வாக்கு உள்ளவர். அவரிடம் போய், என் வீட்டுக்காரர் பேரைப் போட்டு டெல்லிக்கு ஒரு தந்தி கொடுக்க வழி கேட்டேன். அவர் மோட்டுவளையைப் பார்த்து யோசித்துவிட்டு, "ஒண்டிக்கடையில உங்காளுங்க ஊடு எத்தனைம்மா இருக்கும்?" என்றார். எல்லாரையும் திரட்டிக்கொண்டு வந்தால் சேலத்தில் ஒரு கூட்டம் போடலாமாம். நான் மேடையில் உட்கார வேண்டுமாம். என் புருஷனுக்குத் தந்தி கேட்டால் இந்த ஆள் ஓட்டுக் கணக்குப் பார்க்கிறார். வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

சரி, நம் ஜனத்திடமாவது போய் அழலாம் என்று கடையைப் பூட்டிவிட்டுச் சேலத்துக்கு இறங்கினேன். அடிவாரம் வந்ததும் பஸ்ஸில் வெக்கை அடித்தது. எனக்கு அதுகூட ஆறுதலாக இருந்தது. நம் ஆட்கள் இருக்கிற இடத்துக்குப் போகிறோம் என்கிற நினைப்பு.

மாமி வீட்டுக் கூடத்தில் மக்கா படம் போட்ட காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு புதுப் படம் ஒட்டியிருந்தது. ஈராக் அதிபர். மீசையும் பட்டாள உடுப்புமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ஏதோ வாரப் பத்திரிகையிலிருந்து கத்தரித்துச் சோற்றுப்பசையால் ஒட்டியிருந்தார்கள்.

"மாமி, இது ஏன் இங்க?"

"இருக்கட்டுமே. அமெரிக்காக்காரனை எதுத்து நிக்கறதுக்கு நம்மள்ல ஒருத்தன் பொறந்திருக்கான்ல."

"உங்க மவன் அங்க மாட்டிக்கிட்டு நிக்கறதே இந்தாளாலதானுங்களே."

"நீ நொம்பப் பேசாத. அவரு நம்மாளு. நம்ம புள்ளைக்கு ஒண்ணும் ஆவ வுடமாட்டாரு."

மாரமங்கலத்துக்காரர் சொன்னதேதான். அவர் சொன்னபோது வெகுளித்தனம் என்று நினைத்தேன். மாமி சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த அம்மாவுக்கு மகன்மேல் பாசம் இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். ஒவ்வொரு தொழுகைக்கும் அழுதுகொண்டே துஆ கேட்பார். கண்ணைத் துடைத்து, தொழுகைப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்தால் அந்தப் படத்துக்காரர் பெருமை. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கின்றன என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை.

நாத்தனார் அப்போது பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை. ஏழாம் நாள் முடி இறக்கிப் பேர் வைப்பது வழக்கம். எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் முடி இறக்குவார்கள். தாய்மாமன் எங்கே இருக்கிறார் என்றே தெரியாததால், அவர் இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள். குழந்தை என் மடியில் கையை முறுக்கிக்கொண்டு தூங்கியது. பால் வாசம். எனக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது.

பேர் என்ன என்று பள்ளிவாசல் அசரத்து கேட்டார். கூடத்தில் இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் ஒரே வாயாக அந்த அதிபர் பேரைச் சொன்னார்கள். அந்த வருஷம் பல வீட்டில் அந்தப் பேர்தான்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "தாய்மாமன் மடின்னு என்னை உக்கார வெச்சிருக்கீங்க. அப்ப அந்தத் தாய்மாமன் பேரையே வெச்சுருங்க" என்று சொல்லிவிட்டேன்.

முடி இறக்க வந்தவர்கூடக் கையை நிறுத்திவிட்டார். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் குடும்பத்தில் இருக்கிறவர் பேரைப் பிள்ளைக்கு வைக்க மாட்டார்கள். மவுத்தானவர் பேரைத்தான் வைப்பார்கள்.

"என் மவன் உசுரோட இருக்கான்" என்றார் மாமி. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அவர் உயிரோடு வரவேண்டும் என்று நான் கேட்காத வேளை இல்லை. ஆனால் அங்கே இருந்த அத்தனை பேரும், புருஷன் செத்துவிட்டான் என்று முடிவு கட்டியவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். அசரத்து குனிந்து குழந்தையின் காதில் அந்த அதிபர் பேரையே சொன்னார். நான் மடியை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுக்கு நிற்காமல் மலையேறிவிட்டேன். அன்றைக்கு பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் அழுததுபோல என் அத்தா மவுத்துக்குக்கூட நான் அழவில்லை.

ஐப்பசி மழையில் அவர் வந்து சேர்ந்தார். பாலைவனத்தில் லாரியில் போய், வேறொரு நாட்டில் கூடாரத்தில் கிடந்து, பம்பாய் வந்து அங்கிருந்து தந்தி கொடுத்திருந்தார். சேலம் ஜங்ஷனில் ரயிலைவிட்டு இறங்கியவரைப் பார்த்து நான் வேறு யாரோ என்று விலகி நின்றேன். கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, கையில் ஒரு துணிப்பை. நான் தொடுவதற்குள் மாமி கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சாயந்தரம் பள்ளிவாசல் ஆட்கள் கூடத்தில் நிறைந்துவிட்டார்கள். அவர் சொன்னார்: ஈராக் சிப்பாய்கள் வழியில் லாரியை நிறுத்தினார்களாம். நாங்கள் முஸ்லிம்கள் என்றதும் ரொட்டியும் தண்ணீரும் கொடுத்து, முதுகில் தட்டி அனுப்பி வைத்தார்களாம். எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. மாமி குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்துப் பேரைச் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் அதன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல பேருதான்" என்றார். நான் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். போகட்டும், நல்லபடியாகத்தான் இருந்திருக்கிறார் என்று மனசு லேசானது.

அந்த லேசு ஏற்காடு வருகிறவரைக்கும்தான். அந்தக் கட்சிக்காரர் நாலு பேரோடு கடைக்கு வந்தார். "சொல்லுங்க பாய், அங்க நொம்பக் கொடுமையாமே?" என்றார். அவர்களிடம் என் வீட்டுக்காரர் வேறு கதை சொன்னார். அதே சிப்பாய்கள் கடையை உடைத்து அரிசி மூட்டைகளை அள்ளிக்கொண்டு போனார்களாம். துப்பாக்கிக் கட்டையால் இவரைத் தோளில் இடித்து, கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றிக்கொண்டார்களாம். வந்தவர்கள் திருப்தியாகத் தலையை ஆட்டினார்கள். "அவனுங்க புத்தியே அதுதான்" என்றார் ஒருத்தர். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "உங்களைச் சொல்லலீங்க பாய்" என்றார். இவர் சிரித்து அவர்களுக்கு டீ வரவழைத்தார்.

மாரமங்கலத்துக்காரர் வந்தபோது மறுபடியும் அந்த ரொட்டி, தண்ணீர் கதை. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நாந்தான் அன்னிக்கே சொன்னனுங்களே" என்று என்னைப் பார்த்தார்.

அந்த மாசம் முழுக்க எனக்கு இதே வேலையாகப் போனது. யார் வந்தாலும் உள்ளே நின்று காதைக் கொடுப்பேன். வருகிறவரைப் பார்த்ததுமே எது வரும் என்று எனக்குத் தெரிந்துவிடும். என்னிடம் மட்டும் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. கடைக்குச் சரக்கு என்ன வேண்டும், கூரை எங்கே ஒழுகுகிறது, இதுதான் பேச்சு. அவர் இல்லாத நாளில் நான் தனியாக இருந்தேன் என்றால் அதில் ஒரு நியாயம் இருந்தது. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவரோடு எப்படித் தனியாக இருப்பது?

ஒரு மத்தியானம், பனி கடைக்குள்ளேயே வந்து நின்றது. ஆள் நடமாட்டம் இல்லை. அவர் பழைய பேப்பரைக் கிழித்துப் பொட்டலத்துக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, நெசமா அங்க என்னதானுங்க நடந்துச்சு?"

அவர் கையை நிறுத்தவில்லை. கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"நீ எந்தப் பக்கம்னு மொதல்ல சொல்லு புள்ள."

"நான் உங்க பக்கமுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஜங்ஷனில் இறங்கிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் என்னை முழுசாகப் பார்த்தார்.

"எம்பக்கமா? அந்தப் பக்கம் நானே இல்லியே புள்ள" என்றார்.

வெளியே யாரோ மண்ணெண்ணெய் கேட்டார்கள். அவர் எழுந்து போனார்.