மாமா கேட்ட கேள்வியும் மெழுகில் ஒரு துண்டும்

எங்கள் ஆய்வக அலமாரியின் மூன்றாவது இழுப்பறையில் மாமாவின் ஒரு துண்டு இருக்கிறது. நகத்தளவு சதை. மெழுகில் பதித்து, வெள்ளை பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியது, பிளாக் என்போம். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனாலும் அந்த இழுப்பறையைத் திறந்தாலே எனக்கு இருப்புக்கொள்ளாது. மூடிவிட்டுப் போய், பூட்டினேனா என்று திரும்ப வந்து பார்ப்பேன்.

மாமா என்றால் அப்பாவின் தங்கை கணவர். ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் சிக்னல்மேன். கிரேன் ஓட்டுபவருக்குக் கப்பலின் அடித்தளம் தெரியாது. மேல்தட்டில் நிற்கும் மாமாவின் கையைப் பார்த்துத்தான் சரக்கை இறக்குவார். மலத்தில் ரத்தம் போனபோது, மூலம்தான் என்று கருணைக்கிழங்கைத் தின்றே ஒரு வருடம் ஓட்டினார். யாரிடமும் வாய் திறக்கவில்லை. புற்றுநோயைப் படிக்கிற லேபில் வேலை பார்க்கும் நான் ஞாயிறு தவறாமல் அந்த வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

குடலில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தார்கள். அடுத்த ஆண்டே கல்லீரலில் வந்தது; அங்கேயும் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். "அதத்தான் வெட்டிக் கடாசிட்டாங்களேம்மா, இது எப்படி அங்க போச்சு?" என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். வெட்டும் முன்பே சில செல்கள் கிளம்பியிருக்கும். இரண்டு கட்டிகளிலும் மரபணு எழுத்துகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றின் மேல் ஒட்டிக்கொள்ளும் வேதிக் குறிகள்தான் மாறியிருக்கும். 'இருந்த இடத்திலேயே இரு' என்று சொல்லும் மரபணு வாயடைத்துப் போகும், 'கிளம்பு' என்பது விழித்துக்கொள்ளும். மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "சரக்கு அதே சரக்கு, கிரேனும் அதே கிரேன். கை காட்றவன் மாத்திக் காட்டிகினு கீறான். ஏன் மாத்தினான்? அதச் சொல்லு." தெரியாது மாமா என்றேன். "அப்ப என்னிய வெச்சுப் படி" என்று குடல், கல்லீரல் கட்டிகளின் இரண்டு பிளாக்குகளையும் எங்கள் லேபுக்குத் தரச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்.

கல்லீரல் பிளாக் வந்து சேர்ந்தது. குடல் பிளாக்கை வேறொரு டாக்டரிடம் காட்டித் திரும்ப வாங்கி, அத்தை பீரோவில் ஜெபமாலைப் பக்கத்தில் வைத்திருந்தாள். நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று நான் அலட்சியமாக இருந்தேன். மாமா போனதும், சவப்பெட்டியை மூடும் முன் அத்தை அதை அவர் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டாள். "கடைசி நாள்ல முழு உடம்போட எழுந்திரிக்க வேணாமா அவுரு?" என்றாள். சே! இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தானே எந்தக் குறி மாறியது என்று தெரியும்! "அவுரு ஒடம்புல வேற எதுவும் வெளிய இல்லியே?" என்று அத்தை கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பொய்யோடுதான் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் பூவும் மெழுகுவத்தியும் வாங்கிப் போனேன். போன முறை தாங்கவில்லை. கல்லறையைக் கழுவிக்கொண்டிருந்த அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். வாளியைக் கீழே வைத்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அவுரு கேட்டதுக்குப் பதில் கண்டுபுட்ச்சியா?"

"இன்னும் இல்ல அத்தே."

"அப்ப உன்னாண்டயே இருக்கட்டும். பதிலக் கண்டுபுட்ச்சதும் எடுத்துகினு வா. இங்க அவுரோட வைக்கணும்."

பதிலில் பாதி அவள் கையாலேயே மண்ணுக்குள் போனதை நான் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லவில்லை. பிளாக்கைச் சும்மா பார்த்துப் படிக்க முடியாது. ஒவ்வொரு சோதனைக்கும் காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவ வேண்டும். மற்ற நோயாளிகளின் குடல்-கல்லீரல் ஜோடிகளோடு சேர்த்து மாமாவுடையதையும் சீவிக்கொண்டே வருகிறோம். இன்று காலை இழுப்பறையைத் திறந்து அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சதை தேய்ந்து, அடியில் இருக்கும் சட்டம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அடுத்த சோதனைக்கு ஆறு சீவல் கேட்டிருக்கிறார்கள். சீவினால் பதிலுக்குக் கொஞ்சம் கிட்டே போகலாம். அத்தையிடம் எடுத்துப் போக ஒன்றும் மிஞ்சாது. சீவும் இயந்திரத்தில் கத்தியைப் பொருத்தினேன், கழற்றினேன், மறுபடி பொருத்தினேன்.