யாருக்கு என்று கேட்காதே

என் அக்காவைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து கிளப்பிய வழக்குக்கு ஆதாரம் தேடிக் கொடுத்தவள் நான்தான். மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. வயிறு எரிகிறது, எழுதுகிறேன்.

கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, கோலாலம்பூரில் சட்ட நூலகராகி, பிறகு நூலகர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரித் துறைக்குத் தலைவியானேன். தலைவியான பிறகும் வாரத்தில் சில நாள் பழைய நூலகத்து மேசையை விடவில்லை. தோட்டத்தில் இதெல்லாம் யாருக்கும் விளங்காது. "புக்கு அடுக்குற வேலை" என்பார்கள். நான் வக்கீலாகவில்லை என்று அப்பா சாகும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

மாணவர்களுக்கு முதல் வகுப்பில் சொல்வேன்: யாருக்கு என்று கேட்காதே. வழக்கின் இரண்டு பக்கமும் நம்மிடம்தான் வரும். சாதகமான தீர்ப்பை மட்டும் நீட்டாதே, எதிரானதையும் தேடிச் சேர்த்துக் கொடு. இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

ஒருநாள் ஒரு வக்கீல் வந்தார். முதலாளி கொடுத்த வீட்டில், வேலை முடிந்த பிறகும் தொழிலாளி குடியிருக்க முடியுமா என்பது அவர் கேள்வி. எந்தத் தோட்டம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கணினியில் அகப்படாத பழைய தீர்ப்பு ஒன்றை அடித்தட்டிலிருந்து உருவினேன். உரிமை இல்லை என்றது அது. பின்னால் வந்த எந்தத் தீர்ப்பும் அதைத் தள்ளிவிடவில்லை என்றும் சரிபார்த்தேன். பிறகு வழக்கம்போல எதிரானதைத் தேடினேன். மாற்று வீடு தருவதாக வாக்குக் கொடுத்த முதலாளி, அதைத் தராமல் வெளியேற்றக் கூடாது என்ற ஒரு கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு கிடைத்தது. இரண்டையும் நகலெடுத்துக் கொடுத்தேன். "பிரமாதம், மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பல மாதம் கழித்துத் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போனால், அக்கா சட்டிபானைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"கேசு தோத்துட்டோம். வீட்ட ஒடைக்கப் போறானுங்க."

"கேசா? என்கிட்ட ஏங்க்கா ஒரு வார்த்த சொல்லல?"

"நீ என்னா லாயரா? புக்கு அடுக்குறவகிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? கோயில் தலைவரு ஒரு லாயர புடிச்சுக் குடுத்தாரு."

தீர்ப்பின் நகலை வாங்கிப் படித்தேன். நான் உருவிக் கொடுத்த பழைய தீர்ப்பு நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது. மற்றதைக் காணோம். எல்லாருக்கும் வீடு தருகிறேன் என்று பழைய மேனேஜர் கோயில் வாசலில் நின்று சொன்னது தோட்டத்துக்கே தெரியும். எங்கள் வக்கீல் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்தப் புண்ணியவான் எங்கள் நூலகப் பக்கம் தலைவைத்துப் படுத்ததே இல்லை. அவர் சொல்லியிருக்க வேண்டிய மற்ற தீர்ப்பு கம்பெனி வக்கீலின் பையில், என் கையால் எடுத்த நகலாக, பத்திரமாக இருந்தது. அப்பீலுக்கான கெடுவும் முடிந்துபோயிருந்தது.

பக்கம் பார்க்காத தொழிலாம், மண்ணாங்கட்டி! வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம், முடியவில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நம்ம லாயர் வந்து கேட்டிருந்தா அவருக்கும் குடுத்திருப்பேங்க்கா. எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்."

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். பெட்டியை மூடி, அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"ஒனக்கு ஒண்ணுதான்லா. அவனுக்கு எடம் தெரியும், வந்தான். எங்களுக்கு அப்படி ஒரு எடம் இருக்குறதே தெரியாது. இத்தன வருசம் அங்கதான இருந்த, ஒரு நாளாவது சொன்னியா?"

நீங்கள் கேட்டீர்களா என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கத் தெரிந்தால்தானே கேட்பார்கள்.

இப்போது அக்கா ரவாங்கில் ஒரு வாடகை பிளாட்டில் இருக்கிறாள். வா என்று இன்னும் கூப்பிடவில்லை. புதுப் பருவம் தொடங்கியபோது முதல் வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன்.