சோதிக்காமல் உள்ளே விட்ட பவளம்

கணக்காளர் அண்ணையை நினைத்தால், நடுவழியில் நின்று அவர் கடல் தண்ணீர் குடித்ததுதான் எனக்கு முதலில் கண்முன் வருகிறது. நீர்கொழும்பிலிருந்து கண்டிக்கு இரண்டு கேன்களில் கடலைச் சுமந்துகொண்டு வந்தோம். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். அண்ணையின் அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து முகவரி, கையில் கேன் நிறையத் தண்ணீர், கேட்கவா வேண்டும்! மீன் தொட்டிக்கு என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மன்றாடிப் பார்த்தேன். அப்படியானால் குடித்துக் காட்டு என்றான் சிப்பாய். அண்ணை மூடியைத் திறந்து, பிளேன்டீ குடிப்பதுபோல நிதானமாக இரண்டு மிடறு குடித்தார். சிப்பாயும் விரலை நனைத்து நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினான். பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்தேன். அவர் மட்டும் வாயைத் துடைத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

அரசாங்க அலுவலகம் ஒன்றில் அவர் கணக்காளர், நான் எழுதுவினைஞன். கண்டியில் ஒரே மேல்மாடியில் ஆளுக்கோர் அறை எடுத்திருந்தோம். எனக்குச் சொந்த இடம் பக்கத்து ஹந்தானைத் தேயிலைத் தோட்டம். குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு அம்மாவிடம் போய்விடலாம். அவருடைய மனைவி யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. இடமாற்றம் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர். போர் நின்றிருந்த சமாதானக் காலத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்தபோது, மனைவியும் சின்ன மகளும் பள்ளி விடுமுறைக்குக் கண்டி வந்தார்கள். கடற்கரையில் வளர்ந்த பிள்ளைக்குக் கண்டிக் குளம் பிடிக்கவில்லை. "இது கடலில்லையே" என்று உதட்டைப் பிதுக்கினாள். மகள் வாய் திறந்து கேட்டுவிட்டால் அண்ணைக்குச் சம்பளமாவது ஒன்றாவது! அடுத்த நாளே கண்ணாடித் தொட்டி வந்தது. தொட்டி வாங்கிய கடையில் அவளே ஓர் உயிருள்ள பவளத்தைத் தெரிந்தெடுத்தாள். சட்டைப் பொத்தான் அளவில், பச்சையும் செம்மஞ்சளுமாக, சின்னஞ்சிறு பூக்கள் கல்லை மூடியிருக்கும். பொத்தான் பவளம் என்றார் கடைக்காரர். "நான் திரும்பி வருமட்டும் வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ அப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு போர் மறுபடி மூண்டு பாதையை மூடிவிட்டார்கள். தொட்டித் தண்ணீரை மாற்ற நாங்கள் நீர்கொழும்புக்குப் போய் வந்தது அதற்குப் பின்தான்.

ஒரு மனிதன் தனியாகச் சாப்பிடுவதைப் பார்ப்பதுபோலக் கஷ்டம் வேறில்லை. அண்ணை தொட்டிக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு, மடியில் சோற்றுக் கோப்பையை வைத்து, அந்தப் பூக்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டால் ஏதாவது சாட்டுச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசி இணைப்புக் கிடைத்தால் மகளின் முதல் கேள்வி, "பொத்தான் விரிஞ்சிருக்கோ அப்பா?" என்பதுதான். "ஓம் பிள்ளை" என்பார். "நீ பள்ளிக்கூடம் போறியோ?" என்று கேட்பார். "ஓம் அப்பா, சுகமா இருக்கிறம்" என்பாள். கொஞ்ச நேரத்தில் இணைப்பு அறுந்துவிடும். அந்த இரண்டு ஓமை வைத்துக்கொண்டு அவர் ஒரு வாரத்தை ஓட்டுவார்.

தன்னைப்போல அதுவும் தனித்து நிற்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, துணைக்கு இன்னொரு பவளக் கல் வாங்கினார். நாங்கள் நானா என்று கூப்பிடும் கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்: "இத நேரே தொட்டில போட்டுடாதீங்க சேர். வேற வாளில கொஞ்ச நாள் வெச்சுப் பாருங்க. அயடின் மருந்துல முக்கி எடுங்க. என்ன பூச்சி ஒட்டிக்கிட்டு வருமோ, யாருக்குத் தெரியும்?" அண்ணை தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் கல்லை நேராகத் தொட்டிக்குள் வைத்தார். வாளியைக் கொண்டுவந்த நான் விழித்தேன்.

"சந்திக்குச் சந்தி எங்களை மறிச்சு வைக்கிறாங்கள் தம்பி. என்ரை வீட்டுக்கு வாறதையும் நான் மறிச்சு வைக்கிறதே?" என்றார்.

நான் வாளியை ஓரமாக வைத்தேன். அவர் குடித்த தண்ணீருக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருவன் அல்லவா.

சில வாரங்களில் மகளின் கல்லில் புதிதாகச் சின்னச் சின்னக் குஞ்சங்கள் தெரிந்தன. அதே பச்சை, அதே செம்மஞ்சள். அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை. "உன்ரை பொத்தான் குட்டி போட்டிருக்கு பிள்ளை!" என்று தொலைபேசியில் கத்தினார். அவள் குதிக்கும் சத்தம் எனக்கும் கேட்டது. ஆனால் நாளாக நாளாகப் பெரிய பூக்கள் விரிய மறுத்தன. வெயில் நேரத்திலும் மூடிக் கிடந்தன. ஒரு மாலை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் குட்டிகளில் ஒன்று மெல்ல ஊர்ந்து அடுத்த பூவுக்குப் போனது.

"அண்ணே, இங்க வாங்க. இது நடக்குது!"

நானாவிடம் ஓடினோம். அது பவளத்தைத் தின்னும் ஓடில்லாத கடல் நத்தை. தின்னும் பூவின் நிறமே அதன் உடம்புக்கும் வந்துவிடுமாம். பிறகு ஒவ்வொரு வாரமும் எங்களுக்கு அதே வேலை. பவளத்தில் விஷம் இருக்கும் என்று நானா எச்சரித்திருந்ததால் கையுறை போட்டு, கல்லைத் தூக்கி, அயடின் கலந்த தொட்டித் தண்ணீரில் அலசுவோம். நத்தைகள் உதிரும். முட்டைக்கு அந்த மருந்து உறைக்காது. சுருள் சுருளாக ஒட்டியிருப்பதைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தெடுப்போம். அடுத்த வாரம் பார்த்தால் தப்பிய முட்டை பொரித்திருக்கும். கடைசியில் நத்தை ஒழிந்தது. கல்லின் ஒரு மூலையில் சில பொத்தான்கள்தான் மிஞ்சின.

"சின்னப் பிள்ளைகிட்ட சொல்லாதீங்கண்ணே. குட்டியெல்லாம் வளருதுன்னு சொல்லிடுங்க. அவ வர்றதுக்குள்ள வேற வாங்கிப் போட்டுடலாம்" என்றேன். அவரும் சரி என்றுதான் சொன்னார்.

அந்த ஞாயிறு சத்தம் சரியாகக் கேட்காததால் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திவிட்டுப் பேசினார். அவள் குட்டிகளைக் கேட்டாள். அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அது குட்டியள் இல்லைப் பிள்ளை. பூவைத் தின்னுற பூச்சியள். அப்பாதான் தெரியாமல் உள்ளை விட்டனான். உன்ரை பொத்தானிலை கொஞ்சம்தான் மிச்சம். அப்பாவாலை காப்பாத்தேலாமல் போச்சு."

அழப்போகிறாள் என்று பயந்து அவர் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, நானும் பொய் சொன்னனான்" என்றாள். "நான் பள்ளிக்கூடம் போறேல்லை. ஷெல் சத்தம் கேட்டதிலை இருந்து வெளியிலை போகப் பயம். அப்பா தனிய இருக்கிறார், சொல்லாதை எண்டு அம்மா சொன்னவ."

அண்ணை கோபிக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. கதிரையைத் தொலைபேசிக்கு அருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் கன்னம் நனைந்திருந்தது.

"சொல்லு பிள்ளை," என்றார். "எல்லாத்தையும் சொல்லு. இவ்வளவு நாளைக்குப் பிறகு இப்பதான் உன்ரை குரல் கேக்குது."