எல்கடுவ ஞாயிற்றுக்கிழமை பஸ்

சுந்தரம்மா எல்கடுவத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தே வாழ்ந்தவள். புருஷன் இறந்த பிறகு, ஒரே மகள் அஞ்சலையைப் பல்லேபொலவில் மிளகுத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தாள். மகளைப் பார்க்க மலையிறங்கி மாத்தளை வரை நடக்க வேண்டும்; அங்கிருந்துதான் பஸ். தீபாவளிக்கு மட்டும் போய் வருவாள்.

தொண்ணூற்றேழில் ரோட்டைச் செப்பனிட்டு, தோட்டம் வரை அரசாங்க பஸ் விட்டார்கள். அதன் பிறகு ஞாயிறு தவறாமல் மகள் வீடுதான். லயத்து வரிசை வீடுகளில் யாரோடும் அதிகம் பேசாதவள், பஸ்ஸில் கண்டக்டரோடு சிங்களத்தில் வம்பளந்துகொண்டு போனாள். "சுந்தரம்மாக்காவுக்கு வயசு கொறையுது" என்று பெண்கள் சிரித்தார்கள்.

இரண்டாயிரத்தில் யுத்தச் செலவு கூடி, சாமான் விலையெல்லாம் ஏறியபோது அந்த பஸ் நின்றுபோனது. அஞ்சலை அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

சுந்தரம்மா மாத்தளைக்கு நடந்து, பஸ் கந்தோருக்கு, அந்த அலுவலகத்துக்கே, போனாள். அங்கே மகேந்திரராஜா என்ற யாழ்ப்பாணத்து அதிகாரி இருந்தார்.

"இருங்கோ அம்மா. என்ன விஷயம்?"

"எல்கடுவ பஸ்ஸ நிப்பாட்டிட்டாங்கய்யா."

"ஓம். நட்டத்திலைதான் ஓடினது. இனிக் காசு ஒதுக்கேலாது எண்டு மேலை சொல்லிப்போட்டினம்."

"காலி சீட்டுதாங்கய்யா நெறைய. எனக்கும் தெரியும். ஞாயித்துக்கெழமைக்கு மட்டுமாச்சும் விடுங்கய்யா. மக புள்ளத்தாச்சி. ஒருக்கா பாத்துட்டு வந்தா ஒரு வாரத்துக்கு மனசு நல்லா இருக்கும்."

மகேந்திரராஜா பேனையை மூடி வைத்தார்.

"என்ரை அம்மா பருத்தித்துறையிலை" என்றார் பிறகு. "சண்டையாலை யாழ்ப்பாணப் பாதை பூட்டினபடியால் அஞ்சு வருஷமா நான் அவவைக் காணேல்லை."

"ஐயோ, தனியாவாய்யா இருக்காங்க?"

"ஓம்."

சுந்தரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தான் வந்த காரியத்தைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்தான் வாசல்வரை வந்து, "கேட்டுப் பாக்கிறன்" என்றார்.

மேலிடத்தில் பலமுறை கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு நடை விட்டார்கள். மற்ற நாட்களில் நோயாளிகளும் நடந்துதான் இறங்கினார்கள். அதை அவரால் மாற்ற முடியவில்லை.

அஞ்சலைக்குப் பெண் குழந்தை பிறந்தது செவ்வாய்க்கிழமை. செய்தி வந்ததும் சுந்தரம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மாத்தளை வரை ஓட்டமும் நடையுமாகப் போனாள். நாற்பது நாள் கழிந்து, ஒரு ஞாயிறன்று குழந்தையை பஸ்ஸில் கொண்டுவந்தபோது லயமே ரோட்டோரம் நின்றது. டிரைவரும் இறங்கி வந்து முகம் பார்த்தார்.

இரண்டாயிரத்திரண்டில் யாழ்ப்பாணப் பாதை திறந்தது. மகேந்திரராஜா ஊருக்குப் போயிருப்பதாக ஒரு ஞாயிறு பஸ்ஸில் கண்டக்டர் சொன்னார்.

"அம்மா இருக்காங்களாமா?" என்று பதறிக் கேட்டாள் சுந்தரம்மா.

"இருக்காங்களாம். மகனைப் பிடிச்ச கைய விடலியாம்."

பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னாள். அந்த மனுஷரை யாரென்றே அறியாதவர்களும் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள். மடியிலிருந்த பேத்தி ஒரு வளைவில் அவள் சேலை முழுக்க வாந்தியெடுத்தாள். சுந்தரம்மா சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள்.